அடிவானத்து மணிக்கோபுரம்

மேனாட்டு நிலக்காட்சி ஓவியங்களில், வயல்களுக்கும் மரங்களுக்கும் அப்பால், வானும் நிலமும் கூடும் கோட்டில் ஓர் ஆலயத்தின் மணிக்கோபுரம் எழுந்து நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். நாட்காட்டிகளின் வாயிலாகவும் ஞாயிறு பள்ளிப் பரிசு அட்டைகளின் வாயிலாகவும் இத்தகைய படங்கள் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துள்ளன. அக்கோபுரம் விண்ணகத்தைச் சுட்டும் விரல் என்றும், உலகின்மேல் திருச்சபை கொண்ட வெற்றியின் சின்னம் என்றும் பிரசங்க மேடைகளில் விளக்கம் கூறப்படுவதுண்டு. நாமும் அவ்வாறு கூறியிருக்கிறோம். ஆயின், அவ்வோவியங்களைத் தீட்டியவர்கள் அவ்வாறு கருதினார்களா? அவர்கள் வாழ்ந்த ஊர்களில் அக்கோபுரம் யாருக்கு உரியதாயிருந்தது? அதன் மணியோசையைக் கேட்டவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாமல் சின்னத்திற்குப் பொருள் கூறுவது, சூழலை நோக்காமல் திருமறை வசனத்தை எடுத்தாள்வதற்கு ஒப்பான பிழையாகும்.

இக்கட்டுரையில் மூன்று ஓவியங்களை ஆராய்வோம். முதலாவது, 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஹார்லெம் நகரை யாக்கோப் வான் ராய்ஸ்டால் தீட்டியது. இரண்டாவது, 1850களின் இறுதியில் பிரான்சு நாட்டுச் சமவெளியை ஜான் பிரான்சுவா மில்லே தீட்டியது. மூன்றாவது, 1885இல் நெதர்லாந்தின் தென்பகுதியிலுள்ள நூனன் என்னும் சிற்றூரின் இடிந்த கோபுரத்தை வின்சென்ட் வான்கோ தீட்டியது. இம்மூன்றையும் இணைப்பவர் வான்கோவே. போதகர் ஒருவரின் மகனும், ஒரு காலத்தில் தாமே நற்செய்திப் பணியாளராக இருந்தவருமான அவர், ராய்ஸ்டாலையும் மில்லேயையும் தம் ஆசான்களாகப் போற்றினார். ஆதலின், இம்மூன்று கோபுரங்களையும் ஒரே வரலாற்றின் மூன்று கட்டங்களாகக் காண்பது பொருந்தும்.

1. மணியும் கோபுரமும்

திருமறையில் கோபுரங்கள் பல உண்டு. மனிதர் தங்களுக்குப் பேர் உண்டாக்கக் கட்டத் தொடங்கிய பாபேல் கோபுரம் (ஆதி. 11), திராட்சத்தோட்டத்தின் நடுவே கட்டப்பட்ட கோபுரம் (ஏசா. 5:2), சீலோவாமில் விழுந்து பதினெட்டுப் பேரைக் கொன்ற கோபுரம் (லூக். 13:4) ஆகியவற்றை நாம் அறிவோம். கர்த்தருடைய நாமமே பலத்த துருகம் என நீதிமொழிகள் கூறுகிறது (18:10). மணிகளும் உண்டு, அவை பிரதான ஆசாரியனின் அங்கியின் ஓரத்திலும் (யாத். 28:33-35), சகரியா கண்ட நாளில் குதிரைகளின்மேலும் (சக. 14:20) காணப்படுகின்றன. ஆனால் மணி தொங்கும் கோபுரம் திருமறையில் எங்குமில்லை. அது திருச்சபை வரலாற்றில் தோன்றியதாகும்.

ஆலய மணியை முதலில் ஏற்படுத்தியவர் 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நோலா நகரத்துப் பேராயர் பவுலீனுஸ் என்பது ஒரு பழைய மரபு. எனினும், தம் ஆலயத்தை விரிவாக வருணிக்கும் அவருடைய எழுத்துகளில் மணியைப் பற்றிய குறிப்பு இல்லை. துறவு மடங்களில் வேளைகளை அறிவிக்கப் பயன்பட்ட மணி, காலப்போக்கில் ஊர் ஆலயங்களுக்குப் பரவியது. இடைக்காலத்தில் அதன் பணிகள் பலவாயின. ஆராதனைக்கு அழைப்பதும், மரித்தோருக்காகத் துக்கம் அறிவிப்பதும் அதன் கடமைகள். தீப்பிடித்தாலும், பகைவர் வந்தாலும், புயல் எழுந்தாலும் அதுவே ஒலித்தது. சந்தை கூடுவதையும் நகர வாயில்கள் மூடப்படுவதையும் அதுவே அறிவித்தது. கடிகாரம் இல்லாத குடியானவனுக்கு அதுவே நாளைப் பகுத்துக் காட்டிற்று. மணியோசை எட்டிய எல்லையே பங்கின் எல்லை என்று கூறத்தக்க அளவுக்கு ஊர் வாழ்வும் மணியும் பின்னிப் பிணைந்திருந்தன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெந்து நகரத்துப் பேராயர் துராந்துஸ் ஆராதனைப் பொருள்களுக்கெல்லாம் உட்பொருள் கூறும் பெருநூல் ஒன்றை எழுதினார். அதில் மணி பிரசங்கியாரைக் குறிக்கிறது. மணியின் உலோகத்தின் உறுதி அவருடைய மனவுறுதி. மணியின் நாக்கு அவருடைய நாவு. கோபுர உச்சியில் காற்றை எதிர்த்துத் திரும்பும் சேவலும், தீமையை எதிர்த்து நின்று உறங்குவோரை எழுப்பும் பிரசங்கியாரே. இவ்விளக்கத்தில் ஓர் உண்மையை நாம் கவனிக்க வேண்டும். துராந்துஸ் கோபுரத்தின் உயரத்தை மட்டும் போற்றவில்லை. மணிக்குப் பொருள் கூறும்போது அவர் பெரிதாகக் கருதியது அதன் குரலையே, உயர்ந்திருப்பது, கேட்கப்படுவதற்காகவே.

சீர்திருத்தவாதிகள் மணிகளுக்கு 'ஞானஸ்நானம்' கொடுக்கும் சடங்கைக் கண்டித்தனர், மணியையோ அகற்றவில்லை. ஆராதனைக்கு அழைக்கும் குரலாக அது சீர்திருத்தச் சபைகளிலும் தொடர்ந்து ஒலித்தது.

2. ஹார்லெம்: வானத்தின்கீழ் ஒரு நகரம்

யாக்கோப் வான் ராய்ஸ்டால் ஹார்லெமில் 1628 அல்லது 1629இல் பிறந்து 1682இல் மறைந்தவர். மெனோனைட் மரபிலுள்ள குடும்பத்தில் பிறந்த அவர், 1657இல் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். மணற்குன்றுகளின்மேல் நின்று தம் ஊரை நோக்கும் காட்சியை அவர் பலமுறை தீட்டியுள்ளார். அவற்றுள் புகழ்பெற்றது, ஏறத்தாழ 1670க்கும் 1675க்கும் இடையில் தீட்டப்பட்டு இன்று ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் காட்சியகத்தில் உள்ள ஓவியமாகும். 55.5 சென்டிமீட்டர் உயரமும் 62 சென்டிமீட்டர் அகலமுமே உடைய சிறு ஓவியம் அது.

அவ்வோவியத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வானம். மேகங்கள் திரண்டு நகர்கின்றன. அவற்றின் இடைவெளியில் இறங்கும் கதிரொளி, முன்னே உள்ள புல்வெளியில் விழுகிறது. அங்கே நீண்ட லினன் துணிகள் விரிக்கப்பட்டுள்ளன. சிறு உருவங்களாகத் தொழிலாளர் குனிந்து வேலை செய்கின்றனர். துணி வெளுக்கும் தொழிலால் ஹார்லெம் உலகப் புகழ் பெற்றிருந்தது. பிற நாடுகளிலிருந்தும் துணி அங்கு வந்தது. காரநீரிலும் மோரிலும் மாறிமாறி ஊறவைத்து, மணற்குன்றுகளின் தூய நீரில் அலசி, வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்தனர். அடிவானத்திலோ, நகரத்து வீடுகளுக்கு மேலாக, பாவோ ஆலயத்தின் பேருருவம் தெரிகிறது.

அவ்வாலயத்தின் வரலாறு அமைதியானதன்று. அதன் நடுக்கோபுரத்தை முதலில் கல்லால் கட்டத் தொடங்கினர். தூண்கள் அப்பாரத்தைத் தாங்கா எனக் கண்டு அதை அகற்றி, மரத்தால் அமைத்து ஈயத் தகடு போர்த்திய கோபுரத்தை 1520 அளவில் எழுப்பினர். 1572-73இல் ஸ்பானியப் படை ஹார்லெமை முற்றுகையிட்டு, பட்டினியால் பணியவைத்தது. பின்னர், இரு சபையாரும் அமைதியாக வாழலாம் என உடன்படிக்கை செய்யப்பட்டிருந்தும், 1578 மே மாதத்தில் புராட்டஸ்தாந்து வீரர்கள் அவ்வாலயத்தில் வழிபட்டுக் கொண்டிருந்த கத்தோலிக்கரைத் தாக்கினர். ஒரு குருவானவர் கொல்லப்பட்டார். அதன்பின் ஆலயம் சீர்திருத்தச் சபையின் வசமாயிற்று. நம் முன்னோர் செய்த இத்தவற்றை மறைத்துவிட்டு அக்கோபுரத்தைச் சீர்திருத்தத்தின் வெற்றிச் சின்னமாகக் கொண்டாடுதல் நேர்மையாகாது.

ராய்ஸ்டாலும் அவ்வாறு கொண்டாடவில்லை. அவருடைய கோபுரம் நகரத்தினின்றும் பிரிந்து நிற்கவில்லை. வீடுகளோடும் காற்றாலைகளோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. இதற்கு வாழ்வியல் அடிப்படையும் உண்டு. அந்நாட்டில் ஆலயக் கோபுரமும் அதன் மணிகளும் பெரும்பாலும் ஊர் முழுமைக்கும் பணி செய்தன. பாவோ ஆலயத்தின் 'டாமியாட்' மணிகள் இரவு 9 மணிக்கு ஒலித்து நகர வாயில்கள் மூடப்படுவதை அறிவித்தன. அவ்வொலி இன்றும் தொடர்கிறது. பின்னர் 1798ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கோபுரமும் மணிகளும் ஊராட்சிக்கு உரியவை எனச் சட்டமாகவே விதித்தது.

இவ்வோவியத்தின் பொருளைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெளுக்கும் துணிகள் தூய்மையாக்கப்படும் ஆத்துமாவைக் குறிக்கின்றன என்பர் சிலர். அது தொழிற்பெருமையையும் ஊர்ப்பற்றையும் காட்டும் படமேயன்றி வேறன்று என்பர் வேறு சிலர். அக்காலத்து ஓவியர்கள் கோபுரங்களைத் தம் விருப்பம்போல் இடம் மாற்றியும் தீட்டினர். யான் வான் கோயென் உண்மையான ஆலயங்களைக் கற்பனை ஆற்றங்கரைகளில் நிறுத்தியுள்ளார். ஆதலின் ஒவ்வொரு கோபுரத்திற்கும் மறைபொருள் தேடுவது அறிவுடைமையாகாது.

ஆயினும், ஓவியத்தின் அமைப்பே நமக்குச் சிலவற்றைக் கூறுகிறது. நெதர்லாந்துச் சீர்திருத்தச் சபையார் ஏற்றுக்கொண்ட 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கை, படைப்பு முழுவதையும் கடவுளை அறியத் தரும் அழகிய நூலாக வருணிக்கிறது. கடவுளின் மகிமை விளங்கும் அரங்கமாக உலகைக் கண்டவர் கால்வின். ஆலயச் சுவர்களினின்றும் உருவங்களை அகற்றி வெள்ளையடித்த ஒரு மக்கள், வானத்தையும் வயலையும் சுவரில் மாட்டிப் பார்த்தனர். ராய்ஸ்டாலின் ஓவியத்தில் ஒளியைத் தருவது வானம். அதைப் பெறுவது உழைப்பாளரின் களம். இவ்விரண்டிற்கும் இடையில், இரண்டையும் தொட்டுக்கொண்டு, ஆனால் இரண்டையும் ஆளாமல், ஆலயம் நிற்கிறது. அவ்வானத்தின்கீழ் அது மிகச் சிறியது.

3. பார்பிசோன்: வயலில் கேட்ட மணி

ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழித்து, கிட்டத்தட்ட அதே அளவுள்ள மற்றொரு சிறு ஓவியத்தில் கோபுரம் இன்னும் சிறியதாகிறது. மில்லே 1857க்கும் 1859க்கும் இடையில் தீட்டிய 'மூவேளை ஜெபம்' 55.5 சென்டிமீட்டர் உயரமும் 66 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அது இன்று பாரிஸ் நகரின் ஓர்சே காட்சியகத்தில் உள்ளது.

அந்திவேளை. உருளைக்கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்த ஓர் ஆணும் பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டனர். கவைமுள் மண்ணில் குத்தி நிற்கிறது. கூடையில் கிழங்குகளும், பின்னே தள்ளுவண்டியில் மூட்டைகளும் உள்ளன. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துள்ளான். அவள் கைகளைக் கூப்பித் தலைகுனிந்து நிற்கிறாள். முகங்கள் நிழலில் உள்ளன. அவர்களுக்குப் பின்னால் எல்லையற்ற சமவெளி. அதன் விளிம்பில், விரல்நுனியால் மறைத்துவிடத்தக்க அளவில் ஷாயீ என்னும் ஊரின் ஆலயக் கோபுரம்.

இவ்வோவியத்தைக் கேட்டிருந்த அமெரிக்கர் ஒருவர் அதைப் பெற்றுக்கொள்ள வராமற்போகவே, மில்லே பின்னர் கோபுரத்தைச் சேர்த்துத் தலைப்பையும் மாற்றினார் என்று கூறுவர். 1865இல் அவரே எழுதிய குறிப்பொன்று ஓவியத்தின் பிறப்பை விளக்குகிறது. அவர் நார்மண்டியிலுள்ள குருஷி என்னும் சிற்றூரில் குடியானவர் குடும்பத்தில் 1814இல் பிறந்தவர். சிறுவனாக வயலில் வேலை செய்த நாள்களில், மணியோசை கேட்டவுடன் அவருடைய பாட்டி எல்லாரையும் வேலையை நிறுத்தச் செய்து, மரித்துப்போன ஏழைகளுக்காக ஜெபிக்க வைப்பது வழக்கம். அந்நினைவே ஓவியமாயிற்று. வளர்ந்தபின் மில்லே ஆலயத்திற்குச் செல்லும் வழக்கமுடையவராக இருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்வோவியத்தைப் பழைமையின் இனிய கனவாகக் கருதுவோர், அக்காலத்துப் பிரான்சு நாட்டில் மணி எத்தகைய போராட்டத்திற்குள்ளாயிற்று என்பதை மறந்துவிடுகின்றனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல், ஒரு பங்கிற்கு ஒரு மணி மட்டுமே இருக்கலாம், எஞ்சியவை பீரங்கி வார்க்க உருக்கப்பட வேண்டும் என ஆணை பிறந்தது. 1802இல் இயற்றப்பட்ட சட்டம், மணியடிக்கும் முறையைப் பேராயரும் அரசு அதிகாரியும் கலந்து முடிவு செய்ய வேண்டும் என விதித்தது. 1884ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மணிக்கோபுரத்தின் திறவுகோல் ஒன்றை ஊர்த்தலைவருக்கும் கொடுத்தது. யார் எப்போது எதற்காக மணியடிப்பது என்பதைக் குறித்து, ஊர்தோறும் குருவானவர்களும் ஊர்த்தலைவர்களும் வழக்காடியதை அலேன் கோர்பேன் என்னும் வரலாற்றாசிரியர் 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

இப்பின்னணியில் பார்க்குங்கால் மில்லேயின் துணிவு விளங்கும். திறவுகோலுக்காகப் போராடிய இரு சாராரும் ஓவியத்தில் இல்லை. மணியின் மெய்யான உரிமையாளர்களாக அவர் காட்டுவது, அதைக் கேட்டுக் குனிந்து நிற்கும் இரு ஏழைகளையே. ஓவியத்தில் ஒலியைத் தீட்ட இயலாது. எனினும் அவர்கள் நிற்கும் நிலையால் நாம் மணியைக் கேட்கிறோம். கோபுரம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு பெரியதாக இருக்கிறது அதற்கு மனிதர் கொடுக்கும் மறுமொழி.

மரியாளை நோக்கிய அவ்வேண்டுதலும் மரித்தோருக்கான ஜெபமும் நமது சபைகளின் மரபிலில்லை. ஆயினும், வேலைக்களத்தின் நடுவில் நின்று கடவுளை நினைக்கும் ஒழுக்கத்தை நாம் இழந்துவிட்டோமா என்னும் கேள்வியை இவ்வோவியம் நம்மை நோக்கியே எழுப்புகிறது.

பின்னர் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. கிழங்கு அகழ்வோரின் படம் 1889இல் பாரிஸ் ஏலத்தில் 5,53,000 பிராங்குக்கு விலைபோயிற்று. அமெரிக்காவுக்குச் சென்று ஊர் ஊராகக் காட்டப்பட்டது. 1890இல் ஷோஷார் என்னும் பெருவணிகர் இன்னும் அதிக விலை கொடுத்து அதைப் பிரான்சுக்கு மீட்டார். 1909இல் அவர் மறைந்தபின் அது நாட்டுக்கு உரிமையாயிற்று. வறியோரின் ஜெபம் செல்வத்தின் சின்னமாக மாறியதைத் திருச்சபை வரலாறு பயில்வோர் எளிதில் புரிந்துகொள்வர்.

4. நூனன்: இடிந்த கோபுரம்

மில்லேயை வான்கோ கண்டது ஒரு பக்தனின் கண்களால். 1875 ஜூனில் பாரிஸ் நகரில் மில்லேயின் வரைபடங்களை ஏலத்திற்குமுன் காட்சிக்கு வைத்திருந்தபோது, அவ்வறைக்குள் நுழைந்த அவருக்கு, மோசேக்கு முட்செடியினின்று பிறந்த கட்டளை நினைவுக்கு வந்தது (யாத். 3:5). தாம் நிற்குமிடம் பரிசுத்த பூமி என உணர்ந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். பின்னர் இறையியற் கல்விக்காக ஆம்ஸ்டர்டாமில் ஆயத்தம் செய்து அதைக் கைவிட்டார். பெல்ஜியத்தின் பொரினாழ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் நற்செய்திப் பணியாளராகத் தம் உடைமைகளையெல்லாம் தொழிலாளருக்குக் கொடுத்து வாழ்ந்தார். பேச்சுத்திறன் போதாது எனக் காரணங்காட்டி 1879இல் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. 1880இல் ஓவியராக வேண்டும் எனத் துணிந்தபோது, அவர் படியெடுத்துப் பழகிய படங்களுள் ஒன்று மில்லேயின் 'மூவேளை ஜெபம்' ஆகும்.

1883 டிசம்பரில் அவர் நூனனிலிருந்த பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். தந்தை தியோடோருஸ் வான்கோ அங்கிருந்த சீர்திருத்தச் சபையின் போதகர். ஊர் பெரும்பாலும் கத்தோலிக்கருடையது. சபையோ மிகச் சிறியது. அதன் காரணம் வரலாற்றிலுள்ளது. 1648ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கைக்குப்பின் பிரபாண்டு நிலப்பகுதியின் ஊர் ஆலயங்கள் அரசாணையால் சீர்திருத்தச் சபைக்குக் கொடுக்கப்பட்டன. மக்களோ தங்கள் பழைய சபையிலேயே நிலைத்திருந்தனர். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அவ்வாலயங்களுள் பல மீண்டும் கத்தோலிக்கர் வசமாயின. ஆணையால் கட்டடத்தைப் பெறலாம், மக்களைப் பெற இயலாது என்பதற்கு இது தெளிவான சான்று.

நூனன் வயல்களின் நடுவே, இடைக்காலத்து ஆலயம் ஒன்றின் கோபுரம் மட்டும் எஞ்சி நின்றது. அதைச் சூழ்ந்து கல்லறைத் தோட்டம். வான்கோ அதைப் பலமுறை தீட்டினார். 1884இல் தீட்டிய நெசவாளர் படமொன்றில், தறியில் அமர்ந்திருப்பவரின் அருகிலுள்ள சன்னல் வழியே அக்கோபுரம் தெரிகிறது. 1885 மார்ச் 26ஆம் நாள் தந்தை திடீரென மரித்தார். மார்ச் 30ஆம் நாள், வின்சென்டுக்கு 32 வயது நிறைந்த அன்று, அக்கோபுரத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டே கோபுரம் இடிக்கப்பட்டது. மே மாதத்தில் அதன் மரச்சாமான்களும் பழைய சிலுவைகளும் ஏலம் விடப்பட்ட காட்சியை வான்கோ நீர்வண்ணத்தில் தீட்டியுள்ளார். 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தை முடித்த அதே வசந்தகாலத்தில், அக்கோபுரத்தின் இறுதிப் படத்தையும் அவர் தீட்டினார்.

அப்படத்தில் கோபுரத்திற்குக் கூர்முடி இல்லை. அது முன்னரே அகற்றப்பட்டுவிட்டது. மழுங்கிய கற்சுவர் மட்டும் சாம்பல்நிற வானத்தின்கீழ் நிற்கிறது. காகங்கள் சுற்றிப் பறக்கின்றன. அடியில் புல்லும் சிறு மரச்சிலுவைகளும் உள்ளன. அழைக்க அங்கு மணியில்லை. கேட்டுத் தலைகுனிய மனிதருமில்லை. இடிபாட்டையும் கல்லறைகளையும் இணைத்துத் தீட்டும் மரபு ராய்ஸ்டாலின் 'யூதர் கல்லறைத் தோட்டம்' என்னும் ஓவியத்திலேயே உண்டு. ஆனால் வான்கோ தீட்டியது அவருடைய சொந்தத் தந்தை துயிலும் மண்.

1885 ஜூனில் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தம் கருத்தை விளக்கினார். உயிரோடிருக்கையில் கிளறிய அதே வயல்களில் குடியானவர்கள் நூற்றாண்டுகளாக அடக்கம் செய்யப்படுகின்றனர். அவர்களின் மரணம் இலையுதிர்வதைப்போல எளிமையானது. உறுதியான அடித்தளமிட்டுக் கட்டப்பட்ட ஒரு விசுவாசமும் மதமும் உளுத்துப்போனதை அவ்விடிபாடு உணர்த்துகிறது. குடியானவரின் வாழ்வும் சாவுமோ, கல்லறைத் தோட்டத்துப் புல்லையும் பூவையும் போல மாறாமல் முளைத்து வாடுகின்றன. இவ்வாறு எழுதியபின், மதங்கள் கடந்துபோகும், கடவுள் நிலைத்திருப்பார் என்னும் கருத்துடைய விக்டர் யூகோவின் கூற்றொன்றையும் அவர் சேர்க்கிறார். யூகோ அதற்குச் சில நாள்களுக்குமுன், மே 22இல், மறைந்திருந்தார்.

இக்கடிதத்தை அவிசுவாசத்தின் அறிக்கையென ஒதுக்குவது எளிது. நாம் அவ்வாறு செய்யலாகாது. புல்லும் பூவும் வாடும் உவமையை வான்கோ எங்கே கற்றார்? தந்தையின் பிரசங்க மேடையினடியில் அன்றோ! அது ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் உவமை. 103ஆம் சங்கீதத்தின் உவமை. ஆனால் அவ்விரண்டு பகுதிகளும் புல் வாடுவதோடு நிற்பதில்லை. முதலாவது, என்றென்றைக்கும் நிலைநிற்கும் கடவுளின் வசனத்தையும், இரண்டாவது, தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் அவருடைய கிருபையையும் கூறி முடிகின்றன. போதகரின் மகன் உவமையின் முற்பகுதியை ஏற்றுக்கொண்டு, பிற்பகுதியை வேறொருவரின் சொற்களில் சொல்லிக்கொண்டார். பிற்பகுதி அவருக்கு ஏன் சபையின் வாய்மொழியாகக் கேட்கவில்லை என்பதே திருச்சபை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சுரங்கத்தில் ஏழைகளோடு ஏழையாய் வாழ்ந்த பணியாளரை நிறுத்திய நிகழ்ச்சியும் அவ்விடையின் ஒரு பகுதியாகும்.

அதே ஊரில் மற்றொரு கோபுரமும் இருந்தது. தந்தை பணிபுரிந்த எண்கோண வடிவச் சிற்றாலயத்தின் சிறு கோபுரம் அது. 1884 தொடக்கத்தில் கால் முறிந்து படுத்திருந்த தாய்க்காக வான்கோ அதைத் தீட்டினார். பின்னர் 1885இல், ஆலயத்தினின்றும் வெளிவரும் சபையாரைச் சேர்த்தார். அவர்களுள் துக்க உடையணிந்த பெண்களும் உண்டு. உளுத்த கோபுரத்தின்முன் மனிதர் இல்லை. தந்தையின் சிறு கோபுரத்தின்முன் சபை இருக்கிறது. விசுவாசம் உளுத்துவிட்டதென எழுதிய அதே கை, சபையாரையும் தீட்டியது. இவ்விரு படங்களையும் இணைத்தே நாம் வான்கோவை அறிய வேண்டும்.

கோபுரம் அவரை விட்டகலவில்லை. 1889 ஜூனில், சேன் ரெமி மனநல விடுதியில் தீட்டிய 'நட்சத்திர இரவில்', அவருடைய சன்னலிலிருந்து தெரியாத ஓர் ஊரையும் அதன் நடுவே கூரிய ஆலயக் கோபுரத்தையும் சேர்த்தார். 1890 ஜூனில் ஓவேர் ஊரின் ஆலயத்தைத் தீட்டியபோது, நூனனில் பழைய கோபுரத்தைத் தீட்டியதற்கு இது ஏறத்தாழ ஒப்பானது, வண்ணம் மட்டும் செழுமையாயிருக்கலாம் எனத் தங்கைக்கு எழுதினார். அடுத்த மாதம் 29ஆம் நாள் மரித்தார்.

5. நாம் கற்பது யாது?

மூன்று ஓவியங்களிலும் கோபுரம் ஆதிக்கத்தின் சின்னமாக இல்லை. ஹார்லெமில் அது ஊர் வாழ்வோடு இணைந்து, பெருவானத்தின்கீழ் தன் சிறுமையை அறிந்து நிற்கிறது. பார்பிசோன் சமவெளியில் அது கண்ணுக்கு மறையுமளவு குறுகி, உழைப்போரின் உள்ளத்தில் குரலாக வாழ்கிறது. நூனனில் குரலும் மறுமொழியும் அற்றபின், கல் மட்டும் எஞ்சுகிறது. கல்லும் ஏலத்திற்கு வருகிறது. ஆகவே, நிலக்காட்சியில் மணிக்கோபுரத்தின் பொருளைக் கோபுரத்தில் தேடுவதைவிட, அதற்கும் வயலில் நிற்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தொலைவில் தேடுவதே சரியெனக் கருதுகிறோம். அத்தொலைவைக் குரல் கடந்தால் அது திருச்சபை. கடவாவிடில் அது வெறுங்கட்டடம்.

நம் சபைகள் பலவற்றில் இன்று ஆலயக் கோபுரத்தை உயர்த்த நிதி திரட்டப்படுகிறது. ஒலிபெருக்கியின் துணையால் நம் குரல் முன்னைவிட வெகுதொலைவு செல்கிறது. இவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் களத்திலும் ஆலையிலும் கடலிலும் உழைப்பவர், அக்குரலைக் கேட்டு ஒரு கணம் தம் கருவியை மண்ணில் ஊன்றி நிற்கிறாரா? அது தம்மை அழைக்கும் குரல் எனக் கொள்கிறாரா, அல்லது தமக்கு மேலிருந்து வரும் ஓசையென விலகிச் செல்கிறாரா? இறையியல் மாணவர் தம் பங்கில் முதலில் அளந்தறிய வேண்டியது கோபுரத்தின் உயரத்தையன்று, இத்தொலைவையே.

புல் உலரும், பூ உதிரும், கோபுரமும் ஒருநாள் விழும். நிலைத்திருப்பது எதுவென்று தீர்க்கதரிசி கூறியுள்ளார். வான்கோவுக்குக் கேளாத அப்பிற்பகுதியை, வயலில் நிற்பவருக்குக் கேட்கும்படி சொல்வதே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணியாகும்.